எட்டு நிரம்பத்தான் அணுக்கள் சேர்கின்றனவா? எலக்ட்ரானைப் பகிர்ந்து சேரும் சகப்பிணைப்பு பற்றிய விவாத இழை

தோவாளை_டீச்சர்

பதினொன்றாம் வகுப்பில் வேதிப்பிணைப்புப் பாடம் எடுப்பவர்கள், கல்லூரியில் இருப்பவர்கள், ஆலையில் இந்த வேதியியலோடு புழங்குபவர்கள் எல்லோரிடமும் ஒரு கேள்வி.

"இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் ஏன் சேர்கின்றன?" என்று கேட்டால், "ஹீலியம் மாதிரி ஆக" என்று பதில் வருகிறது. "இரண்டு குளோரின்?" "எட்டு நிரம்ப." விடைத்தாளில் இதற்கு மதிப்பெண்ணும் விழுந்துவிடுகிறது. ஆனால் அணுவுக்கு எண்ணத் தெரியாது. எட்டு வேண்டும் என்று அது ஏங்குவதும் இல்லை. இந்த ஒரு பதிலை மட்டும் வைத்துக்கொண்டு மேலே போகும் பிள்ளை ஆக்சிஜனின் காந்தத்தன்மையிலும், நைட்ரிக் ஆக்சைடிலும், அணைவுச் சேர்மத்திலும் தடுக்கி விழுகிறது.

வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான் நிரம்ப வேண்டும் என்கிற எண்ம விதியைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. அதை எந்த இடத்தில் வைப்பது, காரணம் என்று எதைச் சொல்வது? பிள்ளைகள் அதிகம் தப்புப் போடும் இடங்களையும் எழுதுங்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்திலேயே கண்ணால் பார்க்கிற பொருட்களிலிருந்து உதாரணம் கிடைத்தால் ரொம்ப நல்லது.

கணக்கீட்டு_வேதியியல்

டீச்சர், காரணம் ஆற்றல். இதைப் பலகையில் ஒரே ஒரு வளைகோட்டால் காட்டிவிடலாம். எண்கள் தருகிறேன், அப்படியே புள்ளி வைத்து வரையச் சொல்லுங்கள்.

கிடை அச்சில் இரு ஹைட்ரஜன் அணுக்கருக்களின் இடைவெளி, பிக்கோமீட்டரில். செங்குத்து அச்சில் ஆற்றல், கிலோஜூல்/மோல் அளவில். அணுக்கள் வெகு தொலைவில் இருக்கும்போது பூஜ்ஜியம். 200 பிக்கோமீட்டரில் சுமார் −55. 150-இல் சுமார் −180. 100-இல் சுமார் −390. 74-இல் −458, இதுதான் குழியின் அடி. 50-க்கு நெருக்கினால் மறுபடி மேலே ஏறி சுமார் −270. இன்னும் நெருக்கினால் பூஜ்ஜியத்தையும் தாண்டிச் செங்குத்தாக ஏறும்.

இந்தக் குழிதான் பிணைப்பு. குழி இருக்கும் இடம் பிணைப்பு நீளம், ஆழம் பிணைப்பு ஆற்றல். பாடநூலில் 436 என்று இருக்கிறதே, இது என்ன 458 என்று கேட்பார்கள். குழியின் அடியில் மூலக்கூறு அசையாமல் உட்கார முடியாது. பூஜ்ஜியநிலை அதிர்வு என்று சுமார் 26 கிலோஜூல் எப்போதும் இருக்கும். அதைக் கழித்தால் 432. 25 டிகிரி செல்சியசில் என்தால்பியாக (மாறா அழுத்தத்தில் போடும் வெப்பக் கணக்காக) மாற்றினால் 436. மூன்று எண்ணும் சரிதான், கேட்கும் கேள்விதான் வேறு.

இன்னொரு எண்ணையும் கட்டாயம் போடுங்கள். 74 பிக்கோமீட்டர் தூரத்தில் இரண்டு புரோட்டான்களை மட்டும் வைத்தால் அவற்றுக்கிடையே விலக்கம் எவ்வளவு? கூலும் விதிப்படி சுமார் 1875 கிலோஜூல்/மோல். அவ்வளவு பெரிய விலக்கத்தையும் சமாளித்து, அதற்கு மேல் 458 மிச்சமாகிற அளவுக்கு எலக்ட்ரான்களின் பங்கு இருக்கிறது. ஒவ்வொரு எலக்ட்ரானும் இப்போது ஒரு கருவால் அல்ல, இரண்டு கருக்களால் ஈர்க்கப்படுகிறது. அதற்குப் புழங்கும் இடமும் கூடுகிறது. இதைப் பார்த்த பிள்ளை "ஏன் சேர்கின்றன" என்பதற்கு எட்டு என்று எழுதாது.

ஒரு எச்சரிக்கை. புள்ளி வைத்து வரைகிற படத்தில் இரண்டு எலக்ட்ரான்களும் நட்டநடுவே நிற்கிற மாதிரி தெரியும். உண்மையில் எலக்ட்ரான் அடர்த்தி மூலக்கூறு முழுக்கப் பரவி இருக்கிறது. தனித்தனி அணுக்களின் அடர்த்தியைக் கூட்டினால் வருவதைவிட நடுவில் கொஞ்சம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

குழித்துறை_ஆய்வகம்

> காரணம் ஆற்றல்.

ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் எண்ம விதியை ஓரமாகத் தள்ளிவிட வேண்டாம். அது கடையின் கணக்கு நோட்டு மாதிரி. யார் பேரில் எவ்வளவு என்று சரியாகக் காட்டும். வியாபாரம் ஏன் நடக்கிறது என்பதை அதில் தேடக் கூடாது. வேதியியலாளர் லூயிஸ் 1916-இல் எலக்ட்ரான் இரட்டைப் படத்தை (ஒரு பிணைப்பு என்பது பகிர்ந்த ஒரு எலக்ட்ரான் ஜோடி) கொடுத்தபோது குவாண்டம் இயக்கவியலே இல்லை. ஹைட்ரஜன் மூலக்கூறுக்கு ஹைட்லரும் லண்டனும் கணக்குப் போட்டது 1927-இல். பதினோரு வருடம் முன்பே வரைந்த படம் இன்றைக்கும் கரிமச் சேர்மங்களில் பெரும்பாலானவற்றுக்குச் சரியாக வருகிறது. இரண்டாம் வரிசைத் தனிமங்களுக்கு ஒரு எஸ், மூன்று பி என்று நான்கு ஆர்பிட்டால்தான் (எலக்ட்ரான் பரவியிருக்கும் இடம், ஒன்றில் இரண்டு அடங்கும்) இணைதிறக் கூட்டில், அதாவது வெளிக்கூட்டில், உண்டு. அதில் எட்டுக்கு மேல் அடங்காது. விதியின் வேர் அங்கே.

தப்பு விழும் இடங்களைப் பார்ப்போம். முதலில் மொத்த இணைதிற எலக்ட்ரான்களை எண்ணாமலேயே பிணைப்புக் கோடு போட ஆரம்பிப்பது. கார்பன் மோனாக்சைடை எடுத்துக்கொள்ளுங்கள். கார்பனுக்கு 4, ஆக்சிஜனுக்கு 6, மொத்தம் 10. பிள்ளை என்ன செய்கிறது? ஃபார்மால்டிஹைடு பழக்கத்தில் இரட்டைப் பிணைப்பு போடுகிறது. 4 போய்விட்டது, மீதி 6. ஆக்சிஜனுக்கு இரண்டு தனித்த இரட்டை (பிணைப்பில் சேராத எலக்ட்ரான் ஜோடி) வைத்தால் 4 போகும். கார்பனுக்கு ஒரு தனித்த இரட்டை. இப்போது கார்பனைச் சுற்றி 6 மட்டுமே. அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த படி, ஆக்சிஜனின் ஒரு தனித்த இரட்டையைப் பிணைப்பாக மாற்ற வேண்டும். முப்பிணைப்பு வரும், இரண்டு பக்கமும் எட்டு ஆகும்.

சரிதானா என்று அளவை வைத்துப் பாருங்கள். ஃபார்மால்டிஹைடில் கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு சுமார் 121 பிக்கோமீட்டர். கார்பன் மோனாக்சைடில் 113. பிரிகை ஆற்றல் சுமார் 1070 கிலோஜூல்/மோல், நைட்ரஜனின் 945-ஐயும் தாண்டுகிறது. முப்பிணைப்பு என்று வரைந்தது வெறும் கணக்குச் சரிக்கட்டல் இல்லை என்பதற்கு இதுவே சாட்சி.

இரண்டாவது, அயனிகளில் மின்சுமையை மறப்பது. நைட்ரேட்டுக்கு 5 + 18 + 1 = 24. அந்த ஒன்றை விட்டால் 23, ஒற்றைப்படை. ஒற்றைப்படை வந்தாலே நின்று மறுபடி எண்ணச் சொல்லுங்கள். நைட்ரஜனுக்கு ஐந்து கோடு போடுவதும் இந்த அயனியில்தான் அதிகம் நடக்கும். நான்குக்கு மேல் கிடையாது.

வடசேரி_பதினொன்னு

வணக்கம். ஒரு சந்தேகம் சார். நீங்க சொன்ன மாதிரி கார்பன் மோனாக்சைடுக்கு முறைசார் மின்சுமை போட்டா கார்பனுக்கு −1, ஆக்சிஜனுக்கு +1 வருது. ஆனா எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்குற எலக்ட்ரான் கவர்திறன் ஆக்சிஜனுக்குத்தானே அதிகம்? 3.44, கார்பனுக்கு 2.55. அப்போ படம் தப்பா?

குழித்துறை_ஆய்வகம்

நல்ல கேள்வி தம்பி. படம் தப்பில்லை. முறைசார் மின்சுமை கணக்கிடும்போது ஒவ்வொரு பிணைப்பு இரட்டையையும் சரிபாதியாகப் பிரிக்கிறோம்: இணைதிற எலக்ட்ரான் எண்ணிக்கையிலிருந்து தனித்த எலக்ட்ரான்களைக் கழித்து, பிணைப்பு எலக்ட்ரான்களில் பாதியையும் கழிக்கிறோம். கார்பனுக்கு 4 − 2 − 3 = −1. ஆக்சிஜனுக்கு 6 − 2 − 3 = +1. ஆனால் அந்த மூன்று இரட்டைகளும் உண்மையில் ஆக்சிஜன் பக்கம் சாய்ந்திருக்கின்றன. சரிபாதிப் பிரிப்பு கார்பனுக்கு எதிர்மின் தருகிறது, இந்தச் சாய்வு ஆக்சிஜனுக்குத் தருகிறது. இரண்டும் ஏறக்குறைய ஈடாகிவிடும்.

அளந்து பார்த்தால் அதுதான் வருகிறது. ஃபார்மால்டிஹைடின் இருமுனைத் திருப்புத்திறன் (மின்சுமை எவ்வளவு பிரிந்து நிற்கிறது என்பதன் அளவு) 2.3 டிபை. கார்பன் மோனாக்சைடுக்கு 0.11 டிபை மட்டுமே, அதுவும் எதிர்மின் முனை கார்பன் பக்கம். நிக்கலோடு சேர்ந்து டெட்ராகார்பனைல் ஆகும்போதும், ரத்தத்தில் ஹீமோகுளோபினின் இரும்பைப் பிடிக்கும்போதும் கார்பன் பக்கமாகத்தான் ஒட்டுகிறது. அந்தத் தனித்த இரட்டைதான் காரணம்.

ஓசோனுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பார். மொத்தம் 18. நடு ஆக்சிஜனுக்கு +1, ஒற்றைப் பிணைப்பில் இருக்கும் ஓரத்து ஆக்சிஜனுக்கு −1 வரும். படத்தில் ஒரு பக்கம் இரட்டை, மறு பக்கம் ஒற்றை. அளவில் இரண்டும் 128 பிக்கோமீட்டர். ஹைட்ரஜன் பெராக்சைடின் ஒற்றைப் பிணைப்பு சுமார் 148, ஆக்சிஜன் மூலக்கூறில் 121. இடையில் நிற்கிறது. உடனிசைவு என்றால் இரண்டு வடிவத்துக்கும் நடுவே மாறி மாறி ஆடுவது அல்ல. எப்போதுமே ஒரே நிலை, அதை ஒரே கோட்டுப் படத்தால் வரைய முடியவில்லை, அவ்வளவே.

கணக்கீட்டு_வேதியியல்

எண்ம விதி எங்கே நிற்கிறது என்பதற்கு ஆக்சிஜனைவிட நல்ல உதாரணம் கிடையாது. லூயிஸ் முறைப்படி இரட்டைப் பிணைப்பு, எல்லா எலக்ட்ரானும் ஜோடி. ஆனால் திரவ ஆக்சிஜனை வலுவான காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே ஊற்றினால் அங்கேயே தொங்கி நிற்கும். ஜோடி சேராத எலக்ட்ரான் இரண்டு உண்டு. மூலக்கூறு ஆர்பிட்டால் படத்தில் அவை எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டால்களில் (பிணைப்பைத் தளர்த்துபவை) தனித்தனியாக இருக்கின்றன.

இதைச் சோதிக்க எண்கள் உண்டு. ஆக்சிஜன் மூலக்கூறில் 121 பிக்கோமீட்டர். ஒரு எலக்ட்ரானை எடுத்துவிட்டால், அதாவது நேரயனியில், 112. எலக்ட்ரான் குறைந்தும் பிணைப்பு இறுகுகிறது! ஒன்று சேர்த்தால், சூப்பராக்சைடில், சுமார் 133. இரண்டு சேர்த்தால், பெராக்சைடில், சுமார் 149. பிணைப்புத் தரம் (பிணைப்பு ஆர்பிட்டாலில் உள்ள எலக்ட்ரான்களிலிருந்து எதிர்ப்பிணைப்பில் உள்ளவற்றைக் கழித்துப் பாதி) 2.5, 2, 1.5, 1 என்று இறங்க இறங்க நீளம் கூடுகிறது. "எத்தனை எலக்ட்ரான் பகிர்கிறது" என்பதோடு "எந்த ஆர்பிட்டாலில் இருக்கிறது" என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பது இந்த வரிசையிலேயே விளங்கிவிடும்.

ஜோடியே இல்லாமலும் பிணைப்பு உண்டு. ஹைட்ரஜன் மூலக்கூறு நேரயனியில் இரண்டு புரோட்டான், ஒரே எலக்ட்ரான். நீளம் 106 பிக்கோமீட்டர், பிரிகை ஆற்றல் சுமார் 256 கிலோஜூல்/மோல். ஃபுளூரின் மூலக்கூறில் ஒரு முழு ஜோடி இருந்தும் 159-தான். நீளம் குறைவு, அணுவுக்கு மூன்று தனித்த இரட்டை, அவை எதிரெதிரே நின்று விலக்குகின்றன. அதனால்தான் குளோரினின் 243-ஐவிட அது குறைவு.

மேல்வகுப்புப் பிள்ளைகள் கேட்டால் மட்டும் இதைச் சொல்லலாம். பிணைப்பின்போது நிலையாற்றல் குறைகிறதா, இயக்க ஆற்றல் குறைகிறதா என்ற விவாதம் பழையது. சமநிலைத் தூரத்தில் விரியல் தேற்றம் கண்டிப்பானது: மொத்தம் 458 குறைந்தால், நிலையாற்றல் 916 குறைந்திருக்கும், இயக்க ஆற்றல் 458 கூடியிருக்கும். ஆனால் அணுக்கள் நெருங்கத் தொடங்கும் கட்டத்தில் எலக்ட்ரான் இரு கருக்களிலும் பரவுவதால் முதலில் இயக்க ஆற்றல்தான் இறங்குகிறது. ஹெல்மன் 1933-இல் சொன்னார், ரூடன்பெர்க் 1962-இல் விரிவாகக் காட்டினார். "நடுவில் எலக்ட்ரான் சேர்ந்து இரு கருக்களையும் ஒட்டவைக்கிறது" என்ற ஒரே வாக்கியத்தில் இதை அடக்க முடியாது.

மணவாளக்குறிச்சி_கனிமம்

டீச்சர் கேட்ட உள்ளூர் உதாரணத்துக்கு வருகிறேன். அதற்கு முன் ஒன்று. எலக்ட்ரான் கவர்திறன் வித்தியாசம் 1.7-க்கு மேல் என்றால் அயனி, கீழே என்றால் சகப்பிணைப்பு என்று நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். அதை எல்லைக்கோடாக எடுத்துக்கொண்டால் மோசம் போவோம். ஹைட்ரஜன் ஃபுளூரைடில் வித்தியாசம் 1.78, கொதிநிலை 19.5 டிகிரி. போரான் டிரைஃபுளூரைடில் 1.94, அது வாயு, கொதிநிலை −100. சிலிக்கன் டெட்ராஃபுளூரைடில் 2.08, அதுவும் வாயு. மறுபக்கம் லித்தியம் அயோடைடு, வித்தியாசம் 1.68தான். அது 469 டிகிரியில் உருகும் படிகம்.

நம் கடற்கரைக் கருமணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்கான், மோனசைட், கார்னெட், சில்லிமனைட் எல்லாம் கலந்து கிடக்கின்றன. மணவாளக்குறிச்சியில் இந்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் இவற்றைக் காந்தம், மின்னழுத்தம், அடர்த்தி வேறுபாடு கொண்டு பிரிக்கிறது. இதில் இரண்டு உதாரணம் போதும்.

முதலாவது டைட்டானியம். இல்மனைட், ரூட்டைல் வகைத் தாதுவைக் கார்பனோடு சேர்த்துச் சூடாக்கிக் குளோரின் செலுத்தினால் டைட்டானியம் டெட்ராகுளோரைடு கிடைக்கும். கேரளத்தில் சவறையில் நடப்பது இந்தக் குளோரைடு முறைதான். உலோகமும் அலோகமும் சேர்ந்த சேர்மம், ஆகவே அயனி என்று எழுதினால் தப்பு. அது நிறமற்ற திரவம். உருகுநிலை −24, கொதிநிலை 136 டிகிரி. நான்முகி மூலக்கூறு, டைட்டானியம்–குளோரின் நீளம் 217 பிக்கோமீட்டர். அதே டைட்டானியம், அதே குளோரின், டைகுளோரைடாக இருந்தால் 1000 டிகிரிக்கு மேல் உருகும் திண்மம். ஃபஜான்ஸ் சொன்னபடி, நேரயனி சிறிதாகி அதன் மின்சுமை கூடக் கூட எதிரயனியின் எலக்ட்ரான் முகிலை இழுத்துக் குலைக்கும். +4 என்பது இங்கே ஆக்சிஜனேற்ற எண். மூலக்கூறுக்குள் டைட்டானியத்தின் உண்மையான மின்சுமை அதைவிட வெகு குறைவு. ஈரக்காற்று பட்டால் டைட்டானியம் டை ஆக்சைடும் ஹைட்ரஜன் குளோரைடும் ஆகி வெண்புகை கிளம்பும். பள்ளியில் செய்துகாட்டும் பொருள் அல்ல.

இரண்டாவது மோனசைட். அது அரிதான மண் உலோகங்களும் தோரியமும் கொண்ட பாஸ்பேட். அடர் சோடியம் ஹைட்ராக்சைடோடு சுமார் 140 டிகிரியில் வேகவைத்தால் உலோகங்கள் ஹைட்ராக்சைடாகப் படியும், பாஸ்பேட் முழுசாக டிரைசோடியம் பாஸ்பேட்டாகத் தண்ணீரில் கரைந்து வரும். இங்கே கவனிக்க வேண்டியது, பாஸ்பரஸ்–ஆக்சிஜன் பிணைப்பு நான்கும் அப்படியே தப்பித்து வருகின்றன. உலோகத்துக்கும் பாஸ்பேட்டுக்கும் இடையே இருந்த அயனிப் பிணைப்புதான் ஆள் மாறுகிறது. "ஒரே சேர்மத்தில் அயனிப் பிணைப்பும் சகப்பிணைப்பும்" என்ற வரிக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. சிர்கானிலும் சிலிக்கேட் நான்முகிக்குள் இப்படித்தான்.

ஒன்று மட்டும். மோனசைட் கதிரியக்கமுள்ளது. மணலைப் பிரித்து வகுப்பறையில் குவித்துவைக்க வேண்டாம். பாடத்துக்குப் படமும் எண்ணும் போதும்.

தோவாளை_டீச்சர்

மோனசைட் உதாரணம் அருமை சார். அடுத்து சல்பேட். பாடநூலில் கந்தகத்துக்கு ஆறு கோடு போட்டிருக்கிறது. நிறைய புது நூல்களில் நான்கு ஒற்றைப் பிணைப்பும் மின்சுமையும் என்றிருக்கிறது. எதைச் சொல்வது?

கணக்கீட்டு_வேதியியல்

தேர்வுக்கு நூலில் உள்ளபடி. புரிதலுக்கு, கந்தகத்தின் டி ஆர்பிட்டால்கள் பிணைப்பில் முக்கியப் பங்கு எடுப்பதாகக் கணக்கீடுகள் காட்டவில்லை. கந்தகம் வலுவாக நேர்மின், ஆக்சிஜன்கள் எதிர்மின், இடையே வலுவான முனைவுள்ள ஒற்றைப் பிணைப்பு என்பதே நெருக்கமான படம். நான்கு பிணைப்பும் 149 பிக்கோமீட்டர், சமம். இரண்டு படமும் அந்தச் சமத்தைத் தர வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கீரிப்பாறை_ரப்பர்

ரப்பர் இல்லாமல் இந்த மாவட்டத்தில் சகப்பிணைப்பா? இதைப் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள், ஆனால் எங்கே பிணைப்பு உருவாகிறது, எங்கே இல்லை என்பதில்தான் குழப்பம்.

சிரட்டையில் வடியும் பாலில் ரப்பர் ஏற்கெனவே பாலிமராக இருக்கிறது. ஐசோபிரீன் அலகுகள் சிஸ் வடிவில் கோர்த்த நீண்ட சங்கிலி. ஃபார்மிக் அமிலம் ஊற்றிப் பால் உறையும்போது புதுச் சகப்பிணைப்பு எதுவும் உருவாகவில்லை. ரப்பர்த் துகளைச் சுற்றியுள்ள புரதத்தின் எதிர்மின்சுமை அமிலத்தால் ஈடாகிறது, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. அவ்வளவே. சிரட்டையில் தானாகக் காய்கிற ஒட்டுப்பாலும் அப்படித்தான். அதனால்தான் புகையில் காய்ந்த ஷீட்டைத் தொலுயீனில் போட்டால் ஊறி, மெல்ல மெல்லக் கரைகிறது. சங்கிலிகளுக்கு இடையே வலுவான கட்டு இல்லை.

கந்தகம் சேர்த்து வல்கனைஸ் செய்யும்போதுதான் சங்கிலிக்கும் சங்கிலிக்கும் சகப்பிணைப்பு விழுகிறது. வழக்கமான ஒரு கலவை: ரப்பர் 100 பங்கு, துத்தநாக ஆக்சைடு 5, ஸ்டியரிக் அமிலம் 2, கந்தகம் 2.5, முடுக்கி (வினையை வேகப்படுத்தும் பொருள்) சுமார் 0.6. சுமார் 140 முதல் 150 டிகிரியில் அச்சில் அழுத்தி வேகவைப்பார்கள். பிறகு அதே தொலுயீனில் போடுங்கள், உப்பும், கரையாது. ஊறி எடை கூடுகிற அளவை வைத்தே குறுக்குப் பிணைப்பின் அடர்த்தியைக் கணக்கிடுகிறோம். அதிகம் உப்பினால் குறுக்குப் பிணைப்பு குறைவு.

எவ்வளவு கந்தகம் என்பதை அணுக்கணக்கில் பாருங்கள். 100 கிராம் ரப்பரில் ஐசோபிரீன் அலகு 100 ÷ 68 = 1.47 மோல். 2.5 கிராம் கந்தகத்தில் அணுக்கள் 2.5 ÷ 32 = 0.078 மோல். பத்தொன்பது அலகுக்கு ஒரு கந்தக அணு. ஒரு குறுக்குப் பாலத்தில் பல கந்தக அணுக்கள் இருப்பதால் பாலங்கள் இன்னும் குறைவு. இவ்வளவு சொற்பம் போதும், ஒட்டும் பொருள் டயர் ஆகிவிடும். கந்தகத்தை 30 பங்குக்கு மேல் ஏற்றினால் கெட்டியான எபொனைட்.

பல நோட்ஸ்களில் கந்தகம் நேராக இரட்டைப் பிணைப்பை உடைத்துச் சேர்வதாக வரைகிறார்கள். முடுக்கி உள்ள கலவையில் பெரும்பாலும் இரட்டைப் பிணைப்புக்கு அடுத்த கார்பனில்தான் சேர்கிறது. இரட்டைப் பிணைப்புகளில் மிகப்பெரும்பகுதி அப்படியே மிஞ்சும். மிஞ்சுவதற்குச் சாட்சி, நீட்டிய நிலையில் வெளியில் கிடக்கும் ரப்பரில் விழும் கீறல்கள். காற்றிலுள்ள ஓசோன் அந்த இரட்டைப் பிணைப்புகளைத் தாக்குகிறது.

பிணைப்பு ஆற்றல் ஆலையில் எங்கே தெரிகிறது? கார்பன்–கார்பன் குறுக்குப் பிணைப்பு சுமார் 350 கிலோஜூல்/மோல், ஒரே கந்தக அணு உள்ள பாலம் சுமார் 285, இரண்டு கந்தகம் உள்ளது சுமார் 268, அதற்கு மேல் நீண்டால் இன்னும் குறைவு. கந்தகம் அதிகம், முடுக்கி குறைவு என்றால் நீண்ட பாலங்கள் அதிகம். கிழியாத வலு நன்றாக வரும், சூடு தாங்காது. கந்தகத்தை ஒன்றுக்கும் கீழே குறைத்து முடுக்கியைக் கூட்டினால் குட்டைப் பாலங்கள். சூடு தாங்கும், களைப்பு தாங்குவது குறையும். அச்சில் 160 டிகிரிக்கு மேல் அதிக நேரம் விட்டுவிட்டால் நீண்ட பாலங்கள் அறுந்து ரப்பர் திரும்ப இளகும். ரிவர்ஷன் என்கிறோம். அச்சில் வார்த்த ரப்பர் வளையத்தை எடுத்து விரலால் நீட்டிப் பார்த்தாலே தெரியும், விட்டதும் திரும்ப ஒடுங்காது.

வடசேரி_பதினொன்னு

அண்ணாச்சி, அப்போ பிணைப்பு அறுந்தா அதிலிருந்த ஆற்றல் வெளியே வருமா?

குழித்துறை_ஆய்வகம்

வராது. பிணைப்பை உடைக்க எப்போதும் ஆற்றல் கொடுக்க வேண்டும், உருவாகும்போதுதான் வெளிவரும். மேலே போட்ட வளைகோட்டைப் பார், குழியிலிருந்து பூஜ்ஜியத்துக்கு ஏற வேண்டும். ஹைட்ரஜனும் குளோரினும் சேரும் வினை: உடைக்கக் கொடுப்பது 436 + 243 = 679. இரண்டு ஹைட்ரஜன் குளோரைடு உருவாகும்போது கிடைப்பது 2 × 432 = 864. மிச்சம் 185 வெளியே வருகிறது. உடைவதால் அல்ல, புதுக்குழி ஆழமாக இருப்பதால்.

நைட்ரஜனையும் இதோடு சேர்த்துப் பார். ஒற்றைப் பிணைப்பு சுமார் 163, முப்பிணைப்பு 945. மூன்று மடங்கையும் தாண்டி ஏறக்குறைய ஆறு மடங்கு. கார்பனில் ஒற்றை 348, முப்பிணைப்பு 839. மூன்று மடங்கே வரவில்லை. நைட்ரஜன் காற்றில் சும்மா கிடப்பதும், அசிட்டிலீன் வினைபுரியத் துடிப்பதும் இந்த இரண்டு வரியில் அடங்கும்.

புத்தளம்_உப்பளம்

செய்முறை ஒன்று சேர்க்கிறேன். 9 வோல்ட் பேட்டரி, 470 ஓம் மின்தடை, சிவப்பு எல்.இ.டி., பென்சில் கரி இரண்டு. கரிகளை ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் அட்டையில் குத்தி 100 மில்லி தண்ணீரில் முக்குங்கள். தண்ணீருக்குக் கடையில் விற்கும் பேட்டரி தண்ணீர்தான் வேண்டும். நம் கடற்கரை ஊர்களில் குழாய்த் தண்ணீரிலேயே விளக்கு எரியும், சோதனை கெட்டுப்போகும். சர்க்கரை ஒரு கரண்டி போட்டால் எரியாது. உப்பளத்து உப்பு போட்டால் பளிச்சென்று எரியும். காய்ந்த உப்புப் படிகத்தில் கரியை அழுத்தினால் எரியாது, அயனிகள் நகர வழியில்லை. எரியவே இல்லையென்றால் முதலில் எல்.இ.டி.யின் நீள்காலைப் பேட்டரியின் நேர்முனைப் பக்கம் மாற்றிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் சில விநாடிதான்; உப்புக் கரைசலில் கரியில் குளோரின் கிளம்பும்.

அடுத்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதிலும் பளிச்சென்று எரியும். "அப்படியானால் ஹைட்ரஜன் குளோரைடு அயனிச் சேர்மம்" என்று பிள்ளைகள் எழுதுவது இங்கேதான்.

கணக்கீட்டு_வேதியியல்

அதற்கான விடையை எண்ணிலேயே வையுங்கள். வாயுவாக இருக்கும் ஹைட்ரஜன் குளோரைடின் இருமுனைத் திருப்புத்திறன் சுமார் 1.1 டிபை. முழு எலக்ட்ரானும் குளோரினுக்குப் போயிருந்தால் 127 பிக்கோமீட்டர் தூரத்துக்கு 6.1 வந்திருக்கும். ஆக சுமார் 18 விழுக்காடு அயனித்தன்மை. ஹைட்ரஜன் ஃபுளூரைடுக்கு இதே கணக்கில் சுமார் 41. வாயுவை இரண்டு அயனிகளாகப் பிரிக்க சுமார் 1395 கிலோஜூல்/மோல் தேவை, தன்னால் நடக்காது. தண்ணீர் அந்த அயனிகளைச் சூழ்ந்துகொள்ளும்போது சுமார் 1470 திரும்பக் கிடைக்கிறது. வித்தியாசம் 75, கரையும்போது பாத்திரம் சூடாவது அதனால்தான். உலர்ந்த தொலுயீனில் கரைத்தால் அந்த 1470 கிடைக்காது, மூலக்கூறு மூலக்கூறாகவே இருக்கும், மின்சாரம் கடத்தாது.

புத்தளம் சார் சொன்ன அதே அமைப்பில் 0.1 மோலார் அசிட்டிக் அமிலத்தையும் வைத்துப் பாருங்கள். விளக்கு மங்கலாக எரியும். அந்தச் செறிவில் நூறில் ஒன்றரைக்கும் குறைவான மூலக்கூறுகள்தான் அயனியாகின்றன. கரிகளின் இடைவெளியும் முங்கும் ஆழமும் இரண்டு கரைசலுக்கும் ஒன்றாக இருக்கட்டும், இல்லையென்றால் ஒளியை ஒப்பிட முடியாது.

தோவாளை_டீச்சர்

ஹைட்ரஜன் வளைகோட்டை முதல் வகுப்பிலேயே போடப்போகிறேன், லூயிஸ் படம் அதற்கு அடுத்து. ஒவ்வொரு படத்துக்குப் பக்கத்திலும் அளந்த நீளத்தையும் எழுத வைக்கிறேன். வடசேரி தம்பி, நைட்ரிக் ஆக்சைடுக்கு 11 எலக்ட்ரான் வருகிறது, நீளம் 115 பிக்கோமீட்டர். பிணைப்புத் தரத்தைப் போட்டு இங்கேயே எழுது.

வடசேரி_பதினொன்னு

பிணைப்பு ஆர்பிட்டால்ல 8, எதிர்ப்பிணைப்புல 3, வித்தியாசத்துல பாதி 2.5 டீச்சர். அந்த ஒத்தை எலக்ட்ரான் எதிர்ப்பிணைப்புல இருக்குறதால, அதை எடுத்துட்டா நீளம் குறையணும்.

கணக்கீட்டு_வேதியியல்

குறைகிறது. அப்படிக் கிடைக்கும் நைட்ரோசோனியம் அயனியில் 106 பிக்கோமீட்டர், பிணைப்புத் தரம் 3.